கரும்பு விளைந்த கிரியான் கரை

வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோட்டை உள்ள ஊரையும் துறைமுகம் உள்ள ஊரையுமே நாடிச் செல்வர். உழுது பயிரிடும் சிற்றூருக்கு வரலாறு உண்டு என்னும் எண்ணமே பலருக்கு எழுவதில்லை. பினாங்கு என்றதும் ஜார்ஜ் டவுன் மாநகரும், 1786இல் பிரான்சிஸ் லைட் அங்கே வந்து இறங்கிய செய்தியும், 2008இல் யுனெஸ்கோ நிறுவனம் அந்நகரை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்த செய்தியும் நினைவுக்கு வருகின்றன. அதே மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் உள்ள நிபோங் திபால் யார் நினைவுக்கும் வருவதில்லை. வந்தாலும், இரவில் படகேறி மின்மினி பார்க்கும் இடம் என்ற அளவில் நின்றுவிடுகிறது.

ஆயினும் மலையகத் தமிழர் வரலாற்றை முதலிலிருந்து கற்க விரும்புவோர் தொடங்க வேண்டிய இடங்களுள் இவ்வூரும் ஒன்று. ஏனெனில் இங்கே நம் மக்கள் ரப்பருக்காக வந்தவர் அல்லர், கரும்புக்காக வந்தவர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களிலே நம் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் பாடிய பாட்டை நாம் வகுப்பறையில் உருக்கமாகக் கற்பிக்கின்றோம். பிஜிக்கு இந்தியக் கூலிகள் முதன்முதலில் சென்றது 1879இல். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றது 1860இல். இவ்விரண்டிற்கும் முன்பே நம் வீட்டு வாசலிலே, செபராங் பிறையின் கரும்புக் காட்டிலே, தமிழர் வெட்டுக்கத்தி பிடித்து நின்றனர். பிஜிக்காகக் கண்ணீர் விடும் மாணவன் தான் மிதித்து நிற்கும் மண்ணின் கதையை அறியாமல் இருக்கின்றான். குறை அவனுடையது அன்று, சொல்லிக்கொடாத நம்முடையது.

பெயரும் எல்லையும்

நிபோங் என்பது ஆற்றோரச் சேற்று நிலத்தில் கூட்டமாக வளரும் ஒருவகை முட்பனை. மீனவர் கடலில் கிடுகு கட்டுவதற்கும், மலாய் மக்கள் வீட்டுத் தளம் பரப்புவதற்கும் அதன் உறுதியான தண்டைப் பயன்படுத்தினர். திபால் என்றால் தடித்தது, அடர்ந்தது என்பது பொருள். பனை அடர்ந்த இடம் ஊர்ப்பெயர் ஆயிற்று என்று கொள்வதில் தடையில்லை. ஆலங்காடு, பனையூர், புளியங்குடி என்று மரத்தால் ஊருக்குப் பெயரிடும் வழக்கமுள்ள நமக்கு இது புதிதும் அன்று.

ஊர் சிறிது, எல்லையோ பெரிய கதையை உடையது. இங்கு நிபோங் திபால் பினாங்கைச் சேர்ந்தது. அருகில் உள்ள பாரிட் புந்தார் பேராக்கைச் சேர்ந்தது. பண்டார் பாரு கெடாவைச் சேர்ந்தது. ஒரே ஆற்றை ஒட்டி மூன்று மாநிலங்கள் கூடும் இத்தகைய இடம் நாட்டில் அரிது. 1800இல் கெடா சுல்தானோடு ஆங்கிலேயர் செய்த உடன்படிக்கையால் வடக்கே மூடா ஆறு முதல் தெற்கே கிரியான் ஆறு வரை இருந்த கடலோரப் பட்டை கும்பினியார் கைக்கு வந்தது. தீவுக்கும் இப்பட்டைக்கும் சேர்த்து ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் வெள்ளி கெடா அரசருக்குக் கொடுப்பதாக ஒப்பந்தம். அன்று இந்தியாவில் தலைமை ஆளுநராக இருந்தவர் வெல்லெஸ்லி பிரபு. அவர் பெயரையே இந்நிலத்திற்கும் சூட்டினர். இன்று அப்பெயர் மறைந்து, செபராங் பிறை என்னும் மலாய்ப் பெயர் வழங்குகின்றது.

ஆலை என்னும் சொல்

கரும்பைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தவர் அதியமானின் முன்னோர் என்று புறநானூற்றில் ஔவையார் கூறுவதைத் தமிழாசிரியர் அறிவர். ஆலை என்னும் சொல் இன்று எந்தத் தொழிற்கூடத்திற்கும் வழங்கினும், முதலில் கரும்பைப் பிழியும் பொறிக்கே உரியதாக இருந்தது. மலாய் மொழியில் சர்க்கரையைக் குலா என்பர். வடமொழிக் குடம் என்னும் சொல்லின் வழிவந்தது அது. வெல்லத்திற்குக் குளம் என்றொரு பெயர் நம் அகராதிகளிலும் உண்டு. நாமோ வெள்ளைச் சர்க்கரையைச் சீனி என்று சீனத்தின் பெயரால் அழைக்கின்றோம். ஒரு பிடி சர்க்கரைக்குள் இத்தனை நாடுகள் கலந்திருக்கின்றன!

செபராங் பிறையிலும் கரும்பு ஆலையை முதலில் நாட்டியவர் சீனரே. தியோசியூ வகுப்பைச் சேர்ந்த சீனர் பத்து காவான் பகுதியிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்திலேயே கரும்பு பயிரிட்டனர். எருமையைப் பூட்டிக் கல் உருளைகளைச் சுழற்றிச் சாறு பிழிவது அவர்கள் முறை. நிபோங் திபாலுக்கு அண்மையிலுள்ள சுங்கை பாக்காப்பில் பெரும் நிலம் ஆண்ட கீ லாய் ஹுவாட் என்பவரும் அவ்வகுப்பினரே. அவர் குடும்பத்தார் வாழ்ந்த மாளிகை அவ்வூரின் பழஞ்சின்னமாகும்.

வெள்ளையர் பிறகே வந்தனர். அவர்கள் வரவுக்குக் காரணங்கள் கடல் கடந்து கிடக்கின்றன. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலும் மொரிஷியஸிலும் கரும்பு முதலாளிகள் வேறு ஆளைத் தேடத் தொடங்கினர். 1846இல் பிரிட்டன் தன் சர்க்கரை வரிகளைத் திருத்தியது. அந்த ஆண்டுகளில்தான் செபராங் பிறையின் சதுப்பு நிலத்தின்மேல் ஐரோப்பியர் பார்வை விழுந்தது. எட்வர்டு ஹார்ஸ்மன் என்னும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் இங்கே தோட்டங்களை வாங்கினார். 1876இல் அவர் இறந்தபின் அவர் மனைவியின் உடன்பிறந்தாராகிய சர் ஜான் வில்லியம் ராம்ஸ்டன் குடும்பத்திடம் அவை சென்றன. இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்பீல்டு நகரின் பெரும்பகுதி நிலம் அக்குடும்பத்திற்கே உரியதாக இருந்தது. கலிடோனியா, விக்டோரியா, வால்டோர் என்று இப்பக்கத்தில் வழங்கும் தோட்டப் பெயர்கள் அக்காலத்தவை. கலிடோனியா என்பது ஸ்காட்லாந்தின் பழம்பெயர். அந்நாட்டின் குளிரை ஒருநாளும் கண்டிராத நம் பாட்டன்மார், அப்பெயரை வாய் நிறையச் சொல்லிக்கொண்டு இச்சேற்றில் வாழ்ந்தனர்.

நாகையிலிருந்து வந்தவர்

வந்தவர் யார்? தஞ்சை, திருச்சி, சேலம், ஆர்க்காடு முதலிய பகுதிகளின் நிலமற்ற உழவர். புறப்பட்ட துறை பெரும்பாலும் நாகப்பட்டினம். முதல் இறங்குதுறை பினாங்கு. நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்திய அரசின் கீழ் இருந்தமையால், அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆட்சி ஒன்றே. ஆதலின் தொடக்கத்தில் கப்பலேறியவரைக் கருத்தாகக் கணக்கெடுப்பார் இலர். 1867 ஏப்ரல் முதல் நாள் அக்குடியேற்றங்கள் இலண்டனின் நேரடி ஆட்சிக்குள் சென்றன. சட்டத்தின் கண்ணில் பினாங்கு இந்தியாவிற்கு அயல்நாடு ஆயிற்று. கூலிகளை ஏற்றிச் செல்வது தடைப்பட்டது. தோட்ட முதலாளிகள் முறையிட்டனர். 1872இல் இந்திய அரசு சட்டம் இயற்றி மீண்டும் வழி திறந்தது.

ஒப்பந்தக் கூலி முறை எத்தகையது என்பதை மாணவர்க்கு விளக்குவது கடினம். அடிமையைப் போல விலைக்கு விற்கப்பட்டவர் அல்லர்; ஆயினும் விரும்பியபோது விலகிச் செல்லவும் உரிமை இல்லை. கப்பற் செலவு அவர் கணக்கில் கடனாக எழுதப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம்; சிறை உண்டு. அவருடைய நாட்கூலி, ஒப்பந்தம் இல்லாத கூலி பெற்றதைவிடக் குறைவு. நோயும் சாவும் மிகுதி. காய்ச்சலும் வயிற்றுக் கடுப்பும் எத்தனை பேரைக் கொண்டுபோயின என்பதற்கு எல்லாத் தோட்டத்திலும் கல்லறை எழுப்பப்படவில்லை. குடியேற்ற அரசே 1890இல் தொழிலாளர் நிலையை ஆராய ஒரு குழுவை அமைக்க வேண்டியதாயிற்று.

கரும்புத் தொழிலில் இக்கட்டுப்பாடு ஏன் இவ்வளவு கடுமையாயிற்று? காரணம் கரும்பின் இயல்பிலேயே உள்ளது. ரப்பர்ப் பாலை உறைய வைத்துத் தகடாக்கி உலர்த்திவிட்டால் சில வாரம் கிடக்கும். வெட்டிய கரும்போ கிடக்காது. ஓரிரு நாளில் சாறு புளித்துச் சர்க்கரை குறைந்துவிடும். நீராவிப் பொறியின் அடுப்பு மூட்டப்பட்டால், வெட்டுவோர், சுமப்போர், உருளைக்கு ஊட்டுவோர், கொப்பரையில் காய்ச்சுவோர் என அத்தனை கையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவேண்டும். அடுப்புக்கு வேண்டிய விறகும் மலை மலையாய்க் குவியவேண்டும். ஆலையாடும் காலத்தில் இரவு பகல் இல்லை. ஒருவன் ஓடிப்போனால் கொப்பரை காத்திருக்காது. ஆகவே ஓடிப்போகாதிருக்கச் சட்டம் செய்தனர்.

நீரை வெளியேற்றிய கைகள்

இவ்வூரைச் சுற்றியுள்ள நிலத்தை இன்று பார்ப்பவர், சமமான வயலும் நேரான வாய்க்காலும் இயற்கையில் அமைந்தவை என்றே நினைப்பர். அவை இயற்கை அல்ல. கடல் ஏற்றத்தின்போது உவர்நீர் ஏறிவரும் சதுப்பு அது. காட்டை அழித்து, கரை எழுப்பி, நெடுக வாய்க்கால் வெட்டி, கடலோரத்தில் மதகு வைத்து, இறக்கத்தின்போது திறந்து நீரை வெளியேற்றி, ஏற்றத்தின்போது மூடி உவரைத் தடுத்த பிறகே அங்கே கரும்பு ஊன்ற முடிந்தது. தென்னமெரிக்காவின் டெமராரா கரும்பு நாட்டிலும் இம்முறையே. அங்கும் தமிழர் உண்டு என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

காவிரிப் படுகையிலிருந்து வந்தவருக்கு வரப்பும் வாய்க்காலும் மதகும் பிறவியிலேயே பழகியவை. அங்கே அவர் கற்றது, நீரை வயலுக்குக் கொண்டுவரும் வித்தை. இங்கே அவரைச் செய்யச் சொன்னது, நீரை வயலிலிருந்து வெளியேற்றும் வேலை. கருவி அதே மண்வெட்டிதான். இவ்வேலையில் சீனரின் பங்கும் மலாய்க்காரரின் பங்கும் மிகுதி. அதை மறுப்பது நன்றியின்மை. ஆனால் சுற்றுலாக் கையேடுகளில் தோட்ட முதலாளியின் வீடு மட்டும் மரபுச்சின்னம் எனப் பெயர் பெறுவதும், அவ்வீட்டை நிற்கச் செய்த வாய்க்காலுக்குப் பெயரே இல்லாமல் இருப்பதும் எனக்கு ஒப்புமை உடையதாகத் தோன்றவில்லை.

கரும்பு போய்ப் பால்மரம் வந்தது

ஐரோப்பாவில் அரசுகள் பணம் கொடுத்து வளர்த்த பீட்டுச் சர்க்கரையும், சாவகத்தின் மலிவான சர்க்கரையும் உலகச் சந்தையில் விலையைக் கீழே தள்ளின. மற்றொரு பக்கம், 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொன் காய்க்கும் மரங்களாயின. 1903இல் பிறைக்கும் சிரம்பானுக்கும் இடையே இருப்புப்பாதை முழுமை பெற்றது. அது நிபோங் திபால் வழியாகவே செல்கின்றது. 1906இல் ஆற்றுக்குத் தெற்கே புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தோடு கிரியான் பாசனத் திட்டம் நிறைவேறியது. அக்கரையில் கரும்பு நிலங்கள் நெல்வயலாயின. இக்கரையில் ரப்பரும் தென்னையும் ஏறின. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது; கரும்பு முதலாளியின் கடைசித் தூணும் சாய்ந்தது. சில ஆண்டுகளில் ஆலைகள் அடங்கின.

ஆட்கள் போகவில்லை. கங்காணி முறையில் மேலும் மேலும் வந்தனர். பிரட்டுக் களமும், தண்டலும், கிராணியும், லயத்து வீடும் ரப்பர்த் தோட்டத்திற்கே உரியவை என்று நாம் எண்ணுகின்றோம். ஆள் கட்டும் முறையும் வரிசை வீடும் கரும்புக் காலத்திலேயே கால்கொண்டவை. மரம் மாறிற்று, வாழ்வின் அமைப்பு பெரிதும் மாறவில்லை.

நான் ஆண்டுதோறும் ஆறாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பதுண்டு. நம் முன்னோர் இந்நாட்டிற்கு எதற்கு வந்தனர்? "பால்மரம் வெட்ட" என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் கூறுவர். பயிற்சிக்கு வரும் இளைய ஆசிரியர்களிடம் கேட்டாலும் விடை அதுவே. ரப்பருக்கு முன்பு ஏறத்தாழ அறுபது எழுபது ஆண்டுக் காலம் மலையகத் தமிழர் வாழ்வில் எழுதப்படாமல் கிடக்கின்றது என்பதே இதன் பொருள்.

பள்ளி வந்த கதை

கரும்புக் காலத்துக் குழந்தைக்கு எழுத்தறிவு கொடுக்க வேண்டும் என்று யாரும் கவலைப்படவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்னும் விதி 1923ஆம் ஆண்டுத் தொழிற் சட்டங்களோடுதான் வந்தது. பள்ளி என்று பெயர். பல இடங்களில் ஆயாக் கொட்டகையை அடுத்த ஓர் அறை. கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார். அவர்களை இன்று குறைவாகப் பேசுவது எளிது. அவர்கள் இல்லையேல் நாம் இல்லை.

அப்பள்ளிகளின் பெயர்களே இன்று இவ்வட்டாரத்தின் உயிருள்ள கல்வெட்டு. பைராம், சங்காட், வால்டோர், டிரான்ஸ்கிரியான், பத்து காவான் என்று தோட்டப் பெயர் தாங்கிய தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. பெயர்ப்பலகையில் "லாடாங்" என்றிருக்கும். சுற்றிலும் நோக்கினால் பல இடங்களில் தோட்டத்தைக் காணோம்; செம்பனையும் அருகி, குடியிருப்பும் தொழிற்சாலையும் எழுந்துள்ளன. டிரான்ஸ்கிரியான் பக்கத்தில் 2001 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இயங்குகின்றது. பத்து காவானில் 2014 மார்ச்சு முதல் நாள் பினாங்கின் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலம் கரையேறும் நிலம், இந்நாட்டின் மிகப் பழைய கரும்பு நிலங்களுள் ஒன்று. பாலத்தில் விரையும் வண்டியிலிருந்து இதை யார் அறிவார்?

காணத்தக்கவை

இவ்வளவும் அறிந்தபின் ஊரைப் பார்க்க வருவோர்க்குச் சில சொல்லலாம். பலரும் முதலில் கேட்பது கலிடோனியாவின் "தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை". தோட்ட முதலாளிமார் குடும்பம் இருந்த பெருவீடு அது. இப்போது பாழடைந்து செம்பனைக்கு நடுவே நிற்கின்றது. 1948 ஜூன் மாதத்தில் அதன் உரிமையாளர் ஜான் ராம்ஸ்டன் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் அதே மாதத்தில்தான். அதன் பிறகு அவ்வீட்டைப் பற்றிப் பேய்க்கதைகள் பெருகின. பேயைத் தேடி வருவோர் மிகுதி. வரலாற்றைத் தேடி வருவோர் குறைவு. மாணவரை அழைத்துச் செல்வோர் கட்டடத்தினுள் புகவிடாமல் வெளியில் நிறுத்தியே பாடம் சொல்லுதல் நலம். சுவர் நம்பத்தக்கதன்று.

நகரின் கடைத்தெரு பழமை மாறாதது. மேலே குடியிருப்பும் கீழே கடையுமாக அமைந்த வரிசை வீடுகள், தோட்ட மக்கள் சம்பள நாளில் வந்து துணியும் மளிகையும் வாங்கிச் சென்ற காலத்தை நினைவூட்டும். கடற்பக்கம் சென்றால் சுங்கை ஊடாங்கிலும் புக்கிட் தம்பூனிலும் நண்டும் இறாலும் உண்ண மக்கள் திரள்கின்றனர். சுங்கை ஆச்சே பக்கம் நெல்வயல்கள் உண்டு. நாற்றுப் பச்சையும் கதிர் மஞ்சளும் கண்ணுக்கு விருந்து. பத்து காவான் கரையிலிருந்து படகேறிப் பூலாவ் அமான் என்னும் மீனவர் தீவிற்கும் சென்று வரலாம்.

மின்மினியை இறுதியில் வைத்தேன். கிரியான் ஆற்றோரத்தில் பெரெம்பாங் என்னும் அலையாத்தி மரங்கள் உண்டு. இருட்டியபின் அம்மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைகின்றன. ஒளிர்வது துணையை அழைக்கும் குறி என்பர் உயிர்நூலார். நிலா இல்லாத இரவே சிறந்தது; கைவிளக்கும் கைபேசி வெளிச்சமும் ஆகா. ஆற்றங்கரை மரத்தை வெட்டினாலும் நீர் கெட்டாலும் மின்மினி அற்றுப்போகும்.

கரும்புக் காலத்தின் சான்றுகளைத் தேடும் ஆசிரியர்க்கு வேறொரு பயணமும் உண்டு. பழைய தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளில் தந்தை பெயர், தொழில், பிறந்த இடம், விலகிய காரணம் என்று கட்டங்கள் இருக்கும். தோட்டத்து மாரியம்மன் கோயிலிலும் முனீசுவரர் மேடையிலும், உபயம் செய்தவர் பெயரோடு ஊர்ப்பெயர் பொறித்த கல்லோ மணியோ கிடைக்கலாம். தோட்டம் விற்கப்படும்போது இடுகாடும் பெயர்க்கப்படுகின்றது; அதற்குமுன் அங்குள்ள எழுத்துகளைப் படியெடுத்துவிட வேண்டும். சென்ற தலைமுறையின் கடைசிப் பாட்டிமார் சிலர் இன்னும் இவ்வட்டாரத்தில் இருக்கின்றனர். தம் பாட்டி "சீனி ஆலையில்" வேலை செய்ததாகச் சொல்லக் கேட்டவர் அவருள் இருக்கக் கூடும். மாணவர் கையில் ஓர் ஏடும் எழுதுகோலும் கொடுத்து, வரும் பள்ளி விடுமுறையில் அவர்களிடம் அனுப்பலாம். கேட்க வேண்டிய முதற் கேள்வி எந்த ஆண்டு வந்தீர்கள் என்பதன்று; எந்தத் தோட்டம், அங்கே பால்மரத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்பதே.